டிவியில் ஏறிய தீபம்

டிவியில் எது பளபளவென்று தெரிந்தாலும், வெளியே ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் நம்புவேன். இது அப்பாவிடமிருந்து ஒட்டிக்கொண்ட புத்தி.

கார்த்திகை தீபத்தன்று மலையுச்சியில் ஜோதியைக் காணாமல் எங்கள் வீட்டில் பெரியவர்கள் யாரும் வாயில் எதுவும் போடமாட்டார்கள். நான் மூன்றாவது படித்த வருஷம் அம்மாவுக்குக் கால் முறிந்து மாவுக்கட்டு. மாடிப்படி ஏற முடியாது. விரதத்தை மட்டும் விடவில்லை.

சித்தப்பா எங்கள் தெருவுக்குக் கேபிள் நடத்தினார். முன்பெல்லாம் தீபத்தன்று மொட்டைமாடியில் கேமராவை வைத்து நேரடியாக ஒளிபரப்புவார். படம் புள்ளி புள்ளியாகத் தெரியும். அந்த வருஷம் கம்ப்யூட்டர் வாங்கியிருந்தார்.

"அண்ணி, உக்காந்த எடத்துலயே தரிசனம். இனிமே எல்லாம் டிஜிட்டல். இல்லாததக்கூட காட்டலாம்."

"அதான்டா பயமா இருக்குது," என்றார் அப்பா.

சாயங்காலம் தூறல். அப்பா மாடிக்குப் போனார். ஆறு மணிக்கு ஊரே அரோகரா என்று எழுந்தது. டிவியிலும் ஜோதி எழுந்தது, துடைத்துவைத்த வானத்தில். அம்மா கும்பிட்டுவிட்டுப் பொரி உருண்டையைக் கையில் எடுத்தாள்.

அதற்குள் படத்தில் மொட்டைமாடிக் கூட்டம் வந்தது. நடுவே அப்பா தோளில் நான். பக்கத்தில் பச்சைப் புடவையில், இரண்டு காலையும் ஊன்றி நின்று கும்பிடுகிறாள் அம்மா.

"அம்மா, டிவில உன் காலு சரியாயிடுச்சு!"

அம்மா என் சந்தோஷத்தைப் பார்த்தாள். உருண்டையைத் திரும்பத் தட்டில் வைத்தாள்.

அப்பா நனைந்து இறங்கி வந்தார். "மலையே தெரியல, ஒரே மேகம். இங்க மட்டும்..." திரையைப் பார்த்ததும் முகம் மாறியது. "போன வருஷத்துது! வரட்டும் அவன்."

"நல்ல நாளும் அதுவுமா ஒன்னும் கேக்காதீங்க."

சித்தப்பா சிரித்தபடி வந்தார். "படம் எப்டி அண்ணி?"

"கண்ணாடியாட்டம் இருந்துச்சு தம்பி. நீ சாப்புடு." தட்டை அவர் பக்கம் நகர்த்தினாள். அவரும் சாப்பிட்டார். அம்மா சாப்பிடவில்லை.

மலைமேல் ஏற்றிய தீபம் பல நாள் எரியும். மறுநாள் சாயங்காலம் மேகம் கொஞ்சம் விலகியது. அப்பா நாற்காலியின் ஒரு பக்கத்தைப் பிடிக்க, கூப்பிடாமலே வந்த சித்தப்பா மறுபக்கத்தைப் பிடித்தார். அம்மாவை மாடிக்குத் தூக்கிப் போனார்கள். சித்தப்பா யார் முகத்தையும் பார்க்கவில்லை.

மலைமேல் ஜோதி விளக்குத்திரி அளவுக்குத்தான் தெரிந்தது. அதுவும் பாதி மேகத்துக்குள். அம்மா தேம்பித் தேம்பி அழுதாள். பிறகுதான் பொரி உருண்டையைக் கடித்தாள்.

டிவியில் இதைவிடப் பெரியதாக இருந்தது, காலும் சரியாகியிருந்தது. அதைப் பார்த்து அழாதவள் இதற்கு ஏன் அழுகிறாள் என்று எனக்கு விளங்கவே இல்லை.