இரண்டாவது தடவை

பேருந்து நிலையத்தில் அவளை எல்லோரும் மைக்கக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். கண்ணாடி அடைத்த சின்ன அறை, ஒரு மேசை, ஒரு மைக், பக்கத்தில் ஒரு சுவிட்ச். சுவிட்சைப் போட்டால் சிவப்பு விளக்கு எரியும். அது எரிந்துகொண்டிருக்கும்வரை அவள் குரல் அவளுடையது அல்ல, நிலையத்துக்குச் சொந்தமானது.

அந்த வேலைக்கு ஒரே விதிதான். எதையும் இரண்டு தடவை சொல்ல வேண்டும். முதல் தடவை காதைத் திருப்புவதற்கு, இரண்டாவது தடவை விஷயம் ஏறுவதற்கு.

ஒரு வேலையை வருடக்கணக்கில் செய்தால் அந்த வேலையும் நம்மைச் செய்துவிடுகிறது. வீட்டிலும் அவளுக்கு எல்லாமே இரண்டு தடவை.

"தண்ணி பாட்டில் எடுத்தாச்சா. தண்ணி பாட்டில் எடுத்தாச்சா."

பணிமனையில் மெக்கானிக்காக இருக்கும் கணவன் அதைக் கேட்டுச் சிரிப்பான். "பாப்பா, குளியலறைக்குப் போற வண்டி கிளம்பப் போகுது. ஓடிப்போய் ஏறிக்கோ." சின்ன வயதில் மகளும் சிரித்தாள். பத்தாம் வகுப்புக்கு வந்தபிறகு சிரிக்கவில்லை.

"எனக்குக் காது நல்லாத்தான் கேக்குதும்மா," என்றாள் ஒரு நாள். "நான் ஒன்னும் பயணி இல்ல."

அது வெறும் கிண்டல் அல்ல. அறிவிப்புக்கு யாரும் பதில் சொல்வதில்லை, அதில் பதிலுக்கு இடமும் கிடையாது. அப்படிப்பட்ட வாக்கியங்களுக்கு நடுவில்தான் அந்தப் பெண் வளர்ந்தாள். மைக்கக்காவுக்கு இது தெரியாமல் இல்லை. வேறு மாதிரிப் பேச வரவில்லை, அவ்வளவுதான்.

தேர்வு முடிந்ததும் மகள் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டாள். மேற்கொண்டு சித்தி வீட்டில் தங்கிப் படிக்கப் போகிறாளாம். சித்தியின் ஊர் பேருந்தில் அரை நாள் தூரம்.

"அதெல்லாம் வேண்டாம்," என்றாள் அம்மா. "அதெல்லாம் வேண்டாம்."

"பாத்தியா? சித்தியா இருந்தா ஏன்னு கேப்பாங்க."

அன்றோடு பேச்சு நின்றது. அம்மா எதிரில் உட்கார்ந்திருந்தாலும் மகள், "அப்பா, உப்பு," என்பாள். அம்மாவின் கைக்குப் பக்கத்தில் இருக்கும் உப்பை எட்டி எடுத்துக்கொண்டே, "நான் என்ன இந்த வீட்டுக்குத் தபால்காரனா?" என்று அவன் முனகுவான். கடைசியில் அவனே ஒரு வழி சொன்னான். லீவில் கொஞ்ச நாள் போய் இருந்து, பள்ளிக்கூடத்தைப் பார்த்துவிட்டு வரட்டும். பிறகு முடிவு செய்துகொள்ளலாம்.

மைக்கக்கா தலையாட்டினாள். பெண் திரும்பி வந்துவிடுவாள். பேச்சு திரும்பி வருமா என்பதுதான் அவள் பயம்.

மகள் கிளம்பிய நாளன்று அவளுக்கு வேலை இருந்தது. மூன்றாம் நடைமேடையில் அப்பாவும் மகளும் நிற்பது கண்ணாடி வழியாகத் தெரிந்தது. மகள் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். பேருந்து வந்தது. மைக்கக்கா சுவிட்சைப் போட்டு, ஊர்ப் பேரையும் நடைமேடையையும் ஒரு தடவை சொன்னாள். இரண்டாவது தடவைக்குக் குரல் எழும்பவில்லை.

"என்னக்கா, ரெண்டாவது?" என்றார் பக்கத்து நாற்காலியில் இருந்த நேரக் காப்பாளர்.

சுவிட்சை அணைத்துவிட்டதாகத்தான் அவள் நினைத்தாள்.

"கொஞ்சம் இருப்பா. எம்பொண்ணு அதுலதான் போறா. ஏன் போறேன்னு நான் ஒரு வார்த்தை கேட்டிருக்கணும். உன்னாலதான்னு சொல்லிடுவாளோன்னு பயம். அதான் வேண்டாம் வேண்டாம்னு அறிவிச்சுட்டே இருந்தேன். ஊருக்கெல்லாம் வழி சொல்றேன், பெத்த பிள்ளைகிட்டப் பேசத் தெரியல."

நேரக் காப்பாளர் சிவப்பு விளக்கைக் காட்டினார். அது எரிந்துகொண்டிருந்தது.

வெளியே அத்தனை பேரும் அண்ணாந்து ஒலிபெருக்கியைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். "அக்கா, இது எந்த நடைமேடைன்னு சொல்லலியே!" என்று ஒரு கண்டக்டர் குரல் கொடுத்தார். நிலையமே சிரித்தது. மைக்கக்கா சுவிட்சை அணைத்தாள்.

மகள் விறுவிறுவென்று வந்து, கண்ணாடியில் இருந்த ஓட்டைக்கு நேராக நின்றாள். முகம் சிவந்திருந்தது.

"மானமே போச்சு."

"தெரியும்."

"அந்தக் கண்டக்டர் வண்டியிலதான் நான் அரை நாள் உக்காந்து போகணும்."

கையை வெளியே நீட்டாதே, இறங்கியதும் போன் பண்ணு என்று வாய்வரை வந்ததை அம்மா விழுங்கினாள்.

"ஏன் போற?" என்று கேட்டாள். ஒரு தடவைதான்.

மகள் கண்ணாடியை நகத்தால் சுரண்டினாள். "உன்னால மட்டும் இல்ல. அங்க ஓவியம் ஒரு பாடமா இருக்கு. இங்க எந்த ஸ்கூல்லயும் இல்ல."

"எனக்குத் தெரியாதே."

"நீ கேட்டதே இல்லையே."

பேருந்து ஹாரன் அடித்தது. அப்பா கையைக் காட்டி அழைத்தான். மகள் ஓடினாள். மைக்கக்கா சுவிட்சைப் போட்டு, பாக்கியிருந்த இரண்டாவது தடவையைச் சொல்லி முடித்தாள். குரல் லேசாக உடைந்தது. யாரும் அதைப் பெரிதுபடுத்தவில்லை.

இதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்வதற்கில்லை. இத்தனை வருடப் பழக்கம் ஒரு கேள்வியில் போய்விடாது. ஆனால் பேருந்து வாசலைத் தாண்டியதும் அவள் கைபேசி அடித்தது.

"ஜன்னல் சீட்டு கெடச்சுது," என்றாள் மகள்.

"சரி," என்றாள் அம்மா.

"ஜன்னல் சீட்டு கெடச்சுது," என்றாள் மகள் மறுபடியும், அம்மாவைப் போலவே இழுத்து. "ரெண்டு தடவ சொல்லியாச்சு. இப்ப நீ ஏதாவது கேளு."

மைக்கக்கா கொஞ்சம் யோசித்தாள். "அந்த ஓவியப் பாடத்துல என்னெல்லாம் சொல்லித் தருவாங்க?"

நான்காம் நடைமேடையில் அடுத்த பேருந்து வந்து நின்றது. நேரக் காப்பாளர் சத்தமில்லாமல் மைக்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.