முகத்தில் போடாத அம்மை

தொண்ணூறுகளில் நாங்கள் ஈஜிபுராவில் ஓர் ஒற்றை அறை வீட்டில் இருந்தோம். ஒரு கோடையில் அண்ணனுக்கு முழங்கையிலும் தொடையிலும் மஞ்சளாகச் சின்னச் சின்னப் பருக்கள் கிளம்பின. பக்கத்து ஏரியாவான அடுகோடியில் அவனுக்கு லேத் பட்டறை வேலை. ஆயில் ஒத்துக்கொள்ளவில்லை என்று சோப்புப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தான். முதுகுக்கும் பரவியதும் அம்மா பார்த்தாள், கன்னத்தில் போட்டுக்கொண்டாள். வாசலில் வேப்பிலை செருகினாள். அம்மை வந்த வீட்டில் மருந்து கூடாது, ஊசி கூடவே கூடாது.

எனக்கு அப்போதே சந்தேகம்தான். காய்ச்சல் இல்லை, பருக்களில் நீர் இல்லை, முகத்தில் ஒன்றுகூட இல்லை. டாக்டரிடம் காட்டலாம் என்றேன்.

"முகத்துல போடாம விட்டிருக்கா, அதுக்கு அவளுக்கு ஒரு கும்பிடு போடு. வாயை வச்சிக்கிட்டு சும்மா இரு," என்றாள் அம்மா.

அண்ணனும் அவள் பக்கம்தான். பட்டறைக்கு லீவு கிடைத்த சந்தோஷம் வேறு. நான் கத்திக் கூப்பாடு போட்டு அன்றைக்கே இழுத்துப் போயிருக்க வேண்டும். போகவில்லை, அந்த வருத்தம் இன்னும் தீரவில்லை.

அவனுக்குத் தாகம் அடங்கவே இல்லை. ஆத்தாளின் சூடு என்று அம்மா வெல்லம் கரைத்துப் பானகம் கொடுத்தாள், இளநீர் கொடுத்தாள், மாம்பழம் நறுக்கி ஊட்டினாள். வளர்ந்த பிள்ளைக்கு ஊட்டக் கிடைத்ததில் அவள் முகமே மலர்ந்திருந்தது.

ஒரு நாள் காலையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு விழுந்தான். வாந்தி நிற்கவில்லை. அம்மா கற்பூரம் தேடிக்கொண்டிருந்தாள். நான் ஓடிப்போய் ஆட்டோ பிடித்து வந்தேன்.

ஆஸ்பத்திரியில் எடுத்த ரத்தம் பால் கலந்ததுபோல் வெளுத்திருந்தது. டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டார்.

"இது அம்மை இல்லம்மா. ரத்தத்துல கொழுப்பு சிக்காபட்டே, அளவுக்கு மீறி ஏறியிருக்கு, அதான் தோல்ல இப்படி வருது. சுகரும் இருக்கு. கணையம் புண்ணாயிடுச்சு. இனிப்பு ஏதாவது குடுத்தீங்களா?"

பானகம், இளநீர், மாம்பழம் எல்லாவற்றையும் சொன்னேன்.

அண்ணன் பிழைக்கவில்லை.

அம்மை போட்ட உடம்பில் ஊசி குத்தியதால் ஆத்தாள் கோபித்து எடுத்துக்கொண்டாள் என்று அம்மா முடிவு கட்டிவிட்டாள். சில சமயம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்; டாக்டர் சொன்னதையெல்லாம் கொட்டிவிடலாம் என்று வாய்வரை வரும். சொன்னால், தன் கையால் கொடுத்ததை நினைத்தே அவள் செத்துப்போவாள்.

"ஊசி போட வச்சு எம்புள்ளைய நீதான்டி கொன்ன," என்பாள்.

"ஆமாம்மா," என்பேன்.