துடைத்துக் கொடுத்த பேஸ் கிட்டார்

அயர்லாந்தின் லிமெரிக்கில் எங்கள் பக்கத்து வீட்டு அம்மா பாத்திரத்தைத் திருப்பித் தரும்போதெல்லாம் என் மனைவி மஞ்சுளா மூடியைத் திறந்து உள்ளே பார்ப்பாள். மூன்று வருடமாகப் பார்க்கிறாள். ஒரு தடவைகூட உள்ளே எதுவும் இருந்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை கேசரி கொடுத்துவிட்ட டப்பா புதன்கிழமை ஒரு சிரிப்போடும் நன்றியோடும் வாசலுக்கு வரும், அவ்வளவுதான். தேனிப் பக்கம், கம்பத்தில் மஞ்சுளா பிறந்த தெருவில் இரவல் பாத்திரம் வெறுமையாகத் திரும்பாது. பளிச்சென்று தேய்த்து, உள்ளே ஒரு கொத்துத் திராட்சையோ இரண்டு பழமோ வைத்துத்தான் தருவார்கள். ஒன்றும் இல்லாவிட்டால் ஒரு பிடி சர்க்கரையாவது இருக்கும். "அவுக வழக்கம் அது, விடு" என்பேன். "வழக்கம்னா அதுக்காக ஒரு வெங்காயத்தக்கூடவா போட்டுத் தரமாட்டாக?" என்பாள். நான் சிரித்துவிட்டு வேலைக்குக் கிளம்புவேன். எங்கள் ஊரின் அந்த வழக்கமே என்னை ஒருநாள் தலைகுனிய வைக்கும் என்று அப்போது தெரியாது.

மஞ்சுளா இங்கே செவிலியர். அவள் விசாவின் வாலைப் பிடித்து வந்தவன் நான். ஊருக்கு வெளியே ஒரு பெரிய கிடங்கில் பெட்டி அடுக்குகிறேன். ஆரஞ்சு நிறச் சட்டைக்கு மேல் ஒரு எண் இருக்கும். மேலாளர் அந்த எண்ணைத்தான் கூப்பிடுவார். முதல் ஒன்றரை வருடம் அந்தக் கட்டடத்துக்குள் என் பெயரை யாரும் சொல்லிக் கேட்டதில்லை. முதலில் சொன்னவர் நோயல், பெட்டி தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டுபவர். தேநீர் இடைவேளையில் நான் மேசை விளிம்பில் விரலால் தட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்து, என்ன வாசிப்பாய் என்று கேட்டார். பேஸ் கிட்டார் என்றேன். கையிலிருந்த ரொட்டியைக் கீழே வைத்துவிட்டார். அவருடைய அண்ணன் கெவின் நாற்பது வருடம் பேஸ் வாசித்தவராம். அவர் இறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. கல்யாணங்களிலும் மதுக்கடைகளிலும் வாசிக்கிற அவர்களுடைய சின்னக் குழு, பேஸ் இல்லாமல் நொண்டிக்கொண்டிருந்தது.

மறுவாரம் கெவினின் கிட்டாரை, ஒரு வருடமாகத் திறக்காத உறையோடு, கொண்டுவந்து கொடுத்தார். அறுபதுகளில் செய்தது. தோளில் மாட்டினால் அரை மூட்டை அரிசி தொங்குவதுபோல இருக்கும். முன்கை படுகிற இடத்தில் பூச்சு போய் மரம் தெரிந்தது. கம்பிகள் வியர்வையும் அழுக்கும் ஏறிக் கறுத்திருந்தன. மேல் விளிம்பில் மஞ்சளாகிப்போன ஒட்டுப்பட்டை ஒன்று. அதில் பேனாவால் பொடி எழுத்தில் பாட்டு வரிசையும் ஒவ்வொன்றுக்கும் சுருதியும். "அழுக்கைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதே" என்றார் நோயல். நம் வீட்டுக்கு யாராவது வந்தால், வீடு குப்பையாகக் கிடக்கிறது, தப்பாக நினைக்காதீர்கள் என்போமே, அதுபோல மரியாதைக்குச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

தேனியில் நான் பதினோரு வருடம் ஓர் இன்னிசைக் குழுவில் பேஸ் வாசித்தேன். பகலில் ஒரு மருந்து மொத்தக் கடையில் கணக்கு, சாயங்காலமானால் வேன். மயிலாடும்பாறைத் திருவிழா, ஆண்டிபட்டியில் வரவேற்பு, போடியில் காதுகுத்து. குழுவை நடத்தியவன் பெயர் அற்புதம். போடி கடைத்தெருவில் பாத்திரக்கடை வைத்திருக்கும் குடும்பம். ஞாயிறு காலை தேவாலயத்திலும் மற்ற நாட்களில் எங்களோடும் டிரம்ஸ் வாசிப்பான். எனக்கும் அவனுக்கும் ஒரே வயது, ஒரே வாய்த்துடுக்கு. பேஸ் வாசிப்பவனைப் பார்த்துக் கூட்டம் விசிலடிக்காது. பாட்டு நடக்கும்போது அவன் இருப்பதே தெரியாது. நிறுத்தினால்தான் எதுவோ விழுந்துவிட்டதுபோல எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். எனக்கு அந்த இடம் பிடித்திருந்தது.

அங்கே ஆயுத பூசை எங்களுக்குப் பெரிய நாள். எல்லா வாத்தியத்தையும் அற்புதத்தின் கடை மாடியில் பரப்பிவிடுவோம். கம்பிகளைக் கழற்றி ஒரு பெரிய குண்டானில் போட்டுக் கொதிக்க வைப்போம். பேஸ் கம்பி வேண்டுமென்றால் மதுரைக்குச் சொல்லிவிட்டுக் காத்திருக்க வேண்டும். கொதிக்க வைத்தால் அழுக்கு இறங்கி இன்னும் ஆறு மாதம் ஓடும். பழைய சந்தனத்தைச் சுரண்டி, வாத்தியங்களில் ஒட்டியிருக்கும் பழைய பாட்டுச் சீட்டுகளையெல்லாம் உரித்து எறிவோம். போன வருடச் சீட்டு புது வருடத்துக்கு ஆகாது என்பது குழுவின் சட்டம். துடைத்து, எண்ணெய் தடவி, சந்தனம் குங்குமம் வைப்போம். அற்புதம் கைகட்டி ஓரமாக நின்று பார்ப்பான். "சாமியெல்லாம் ஒங்களுக்கு, பொரியும் கடலையும் எனக்கு" என்று கடைசியில் தட்டோடு தூக்கிக்கொண்டு போய்விடுவான்.

இங்கே இரண்டு வருடம் கெவினின் கிட்டாரை வாசித்தேன். பழைய கிட்டாரை வைத்திருப்பது வயதானவர்களைப் பார்த்துக்கொள்வது மாதிரி. குளிர்காலத்தில் வீட்டுக்குள் ஹீட்டர் போட்டால் காற்று உலர்ந்து கழுத்து வளையும். உள்ளே இருக்கிற இரும்புக் கம்பியைக் கால் திருப்பு திருப்ப வேண்டும், அதற்கு மேல் திருப்ப பயம். ஒலிக் குமிழ் கரகரக்கும். பெட்டி தூக்கிய தோளில் கிட்டாரையும் மாட்டினால் மூன்றாவது பாட்டிலேயே வலி வந்துவிடும். ஆனாலும் சனிக்கிழமை அந்தச் சின்ன மேடையில் நோயல் பாட, நான் குனிந்து அந்தப் பட்டையைப் பார்த்து வாசிக்கும்போது, இந்த நாட்டில் எனக்கும் ஒரு வேலை இருக்கிறது, அதை என்னைத் தவிர வேறு யாரும் செய்யவில்லை என்று தோன்றும். அதை இழந்தால் என்னிடம் அந்த எண் மட்டும்தான் மிச்சம்.

போன அக்டோபரில் நோயல் ஒரு உதவி கேட்டார். கெவின் இறந்து மூன்று வருடம் ஆகிறது. ஞாயிறு அன்று தேவாலய மண்டபத்தில் உறவினர்கள் கூடுகிறார்கள். கிட்டாரை மேடையில் ஒரு தாங்கியில் நிறுத்தி வைக்க வேண்டும், பிறகு நீ எடுத்து வாசிக்கலாம், அதற்குமுன் சனிக்கிழமை வீட்டுக்குக் கொண்டுவந்து கொடு என்றார். அந்த வாரத்தில்தான் ஆயுத பூசை வந்தது. எனக்கு இதைவிடப் பொருத்தமாக வேறென்ன அமையும்! விடுப்பு எடுத்தேன். கம்பிகளைக் கழற்றி மஞ்சுளாவின் குழம்புச் சட்டியில் கொதிக்க வைத்தேன். "கொழம்புல இரும்பு வாட அடிக்கப் போகுது, பாத்துக்கங்க" என்று அவள் கத்தினாள். மரத்தைத் துடைத்துத் துடைத்து முகம் தெரியும்படி ஆக்கினேன். ஓரம் சுருண்டிருந்த பட்டையை உரித்து, பசையையும் தடமில்லாமல் எடுத்தேன். பாட்டு வரிசை எனக்கு எப்போதோ மனப்பாடம். விளிம்பில் சிறியதாகச் சந்தனமும் குங்குமமும் வைத்தேன். இரவல் பொருள் வெறுமையாகப் போகக் கூடாதே, உறைப் பையில் ஒரு பொட்டலம் பொரிகடலையும் வைத்தேன்.

சனிக்கிழமை நான் கொண்டுபோன உறையை நோயல் சமையலறை மேசையில் வைத்துத் திறந்தார். விரலால் மேல் விளிம்பைத் தடவினார்.

"அந்தப் பட்டை எங்கே?"

"எடுத்துவிட்டேன். கொஞ்சம்கூட அடையாளம் இல்லை பாருங்கள்" என்றேன், பெருமையாக.

"எங்கே அது?"

"குப்பையில். வியாழக்கிழமை வண்டி வந்து எடுத்துப் போய்விட்டது."

அவர் தலையாட்டினார். "குட் மேன்" என்றார். தேநீர் வேண்டுமா என்று கேட்டார், ஆனால் கெட்டிலில் தண்ணீர் பிடிக்கவில்லை. நான் அந்த வார்த்தையைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு சந்தோஷமாக பஸ் பிடித்தேன். இரவு செய்தி வந்தது: நாளைக்கு நீ வர வேண்டியதில்லை, நாங்கள் சமாளித்துக்கொள்கிறோம். அடுத்த சனிக்கிழமையும் கூப்பிடவில்லை. கிடங்கில் தூரத்திலிருந்து கையசைத்துவிட்டுப் போனார். மூன்று வாரம் இப்படி. என்ன தப்புச் செய்தேன் என்று புரியாமல் எனக்குக் கோபம்தான் வந்தது. சாமி கும்பிட்டுக் கொடுத்தது பிடிக்கவில்லை போல என்று மஞ்சுளாவிடம் பொருமினேன்.

ஒரு மத்தியானம் அற்புதத்துக்குப் போன் போட்டேன். நடந்ததைச் சொன்னேன்.

"ஏலே, பொட்டு வச்சதுக்கா வெளிய தள்ளிட்டாக?" என்று சிரித்தான். "நீ சொன்னதும்தான் ஞாபகம் வருது. ஒன் கிட்டாரப் பாரு, எப்பிடி ஆக்கிருக்கோம்னு."

படம் வந்தது. நான் பதினோரு வருடம் வாசித்து, அவனிடம் விட்டுவிட்டு வந்த பேஸ். மாம்பழ நிறத்தில் இருந்தது, இப்போது பேருந்துக்கு அடிக்கிற நீலத்தில் பளபளத்தது. என் முன்கை பட்டுத் தேய்ந்து மரம் தெரிந்த இடம் இல்லை. மயிலாடும்பாறையில் பட்டாசுப் பொறி விழுந்து சுட்ட தழும்பு இல்லை. கட்டைவிரல் வைக்கிற பள்ளத்தையும் மாவு வைத்து அடைத்திருந்தார்கள்.

"யாரக் கேட்டு பெயிண்ட் அடிச்ச?" குரல் எனக்கே புதிதாக இருந்தது.

"ஏம்டா கத்துற? ஒன்னோட சாமான், அழுக்காக் கெடக்கலாமான்னு ஆசையா அடிச்சோம். ஆண்டிபட்டிக்காரரு ஒருத்தர் வாசிக்காரு, நல்ல மனுசன். நீ வருவ வருவன்னு ரெண்டு வருசம் அத அப்பிடியேதான வச்சிருந்தோம்."

அவன் மேலே பேசியது எதுவும் காதில் விழவில்லை. ஒரு பழைய கிட்டாருக்குப் போய் இப்படிக் கத்துவதா என்று எனக்கு நானே கேட்டுக்கொண்டேன். நான் உயிரோடு இருக்கிறேன், எனக்கே இப்படி. அப்போதுதான் நோயல் அந்த விளிம்பைத் தடவிய விரல் கண்முன் வந்தது. வெட்கத்தில் உடம்பு கூசியது.

மறுநாள் வேலை முடிந்ததும் அவர் வீட்டுக்குப் போனேன். வாசலிலேயே சொன்னேன்: எங்கள் ஊரில் மரியாதை என்றால் கழுவித் தருவது. உங்கள் அண்ணனின் கையெழுத்தை நான் குப்பையில் போட்டுவிட்டேன். திருப்பித் தர என்னிடம் அது இல்லை. ஆனால் அதில் இருந்தது மனப்பாடமாகத் தெரியும்.

நோயல் உள்ளே வரச்சொன்னார். நான் ஒவ்வொன்றாகச் சொன்னேன். முதல் பாட்டு ஜி சுருதி. இரண்டாவது ஜி, பக்கத்தில் ஒரு குறுக்குக் கோடு. மூன்றாவது டி. நான்காவதுக்கு நேரே, அடித்துத் திருத்திய ஏ. ஐந்தாவது ஈ. "ஆறாவது சி. பக்கத்தில், நோயலுக்காகக் காத்திரு."

"என்ன சொன்னாய்?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இது அவருக்குத் தெரியும் என்றே இத்தனை நாளும் நினைத்திருந்தேன். பட்டை மேல் விளிம்பில் இருந்தது. வாசிப்பவன் குனிந்தால் மட்டுமே படிக்க முடியும். எதிரே நின்று பாடுகிறவருக்கு வெறும் மஞ்சள் பட்டைதான். திரும்பச் சொன்னேன். ஆறாவது பாட்டில் நோயல் பாடத் தொடங்குமுன் மூச்சை விழுங்குவார், எப்போதும் தாமதமாகத்தான் நுழைவார். கெவின் அதற்காக அதே வரியைச் சுற்றிச் சுற்றி வாசித்திருக்கிறார். நானும் இரண்டு வருடம் அதைப் படித்துப் படித்துக் காத்திருந்தேன்.

"நான் பிந்துகிறேன் என்று அவன் ஒருநாளும் சொன்னதில்லையே" என்றார் நோயல். அழுதார். பிறகு இழுப்பறையிலிருந்து வெள்ளை ஒட்டுப்பட்டையும் பேனாவும் எடுத்து என் முன்னால் வைத்தார். நீயே எழுது என்றார். எழுதினேன். கெவினின் ஜிக்கு ஒரு வால் இருக்கும், முயன்றேன், வரவில்லை.

அடுத்த ஞாயிறு மத்தியானம் ஒரு கல்யாணத்தில் வாசித்தோம். கொதித்த கம்பிகள் பழையபடி கம்மவில்லை, கூர்மையாகக் கேட்டன. யாரும் அதைச் சொல்லவில்லை. ஆறாவது பாட்டில் நான் சியிலேயே நின்று சுற்றி வாசித்தேன். நோயல் மூச்சை விழுங்கினார், என்னைப் பார்த்தார், பிறகு பாடினார். அந்நேரம் ஊரில் சாயங்காலம், ஜெயமங்கலத்தில் ஒரு வரவேற்பில் நீல பேஸை மாட்டிக்கொண்டு ஆண்டிபட்டிக்காரர் மேடையேறியிருப்பார். அற்புதத்துக்கு ஒரு பழக்கம் உண்டு. வேகப் பாட்டு வந்தால் அரைத் தட்டு முந்துவான், பேஸ் கொஞ்சம் பின்னால் இழுத்துப் பிடிக்க வேண்டும். பதினோரு வருடம் பிடித்தேன். அதை நான் எங்கேயும் எழுதி வைக்கவில்லை.