வீட்டில் இரண்டு பேர் மட்டும்

குளிக்கப் போகும்போதுகூடக் கைபேசியைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி உள்ளே எடுத்துக்கொண்டு போகிற ஆளாக நான் ஒரு காலத்தில் இருந்தேன். ஒரு காலம் என்றால் போன வருஷம்தான். சோப்பு வைக்கிற தட்டில் சோப்பு இருக்காது, போன் இருக்கும். மருமகள் அதைத் தொட்டுவிடுவாள் என்ற பயம்.

சந்தேகம் எனக்குத் தொழில். வேலைக்காலம் முழுவதும் துறைமுக வாசலில் நின்று, உள்ளே வருகிற லாரிக்காரர்களின் சீட்டையும் முகத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தவன். சிரித்துப் பேசுகிறவனை இன்னொரு முறை சோதிக்க வேண்டும் என்பது அங்கே நான் படித்த பாடம். ஓய்வு பெற்ற பிறகு அந்தப் பழக்கத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது? மனைவி இறந்ததும் உட்லண்ட்ஸ் வீட்டை விற்று, அந்தப் பணத்தைப் பிடோக்கில் மகன் வாங்கிய வீட்டில் போட்டு, அவனோடும் மருமகளோடும் வந்து சேர்ந்தேன். பெரிய அறையை எனக்குக் கொடுத்துவிட்டு அவர்கள் இருவரும் சின்ன அறைக்குப் போனார்கள். "அப்பாவுக்கு பாத்ரூம் ரூமுக்குள்ளயே இருக்கணும்," என்றான் மகன். இதில் ஏதாவது உள்நோக்கம் இருக்குமோ என்று முதல் வாரம் முழுக்க யோசித்துப் பார்த்தேன். ஒன்றும் அகப்படவில்லை.

பிறகுதான் அந்தச் செய்திகள் வர ஆரம்பித்தன. மாதம் ஒரு முறை, என் பெயரைப் போட்டு, ஆங்கிலத்தில், வெகு மரியாதையாக. உங்கள் வீட்டு விளம்பரத்துக்கான சந்தா புதுப்பிக்கப்பட்டது, இன்வாய்ஸ் அனுப்பியிருக்கிறோம், எங்களோடு தொடர்வதற்கு நன்றி. நான் என்ன விளம்பரம் போட்டேன்? உட்லண்ட்ஸ் வீடு கைமாறி எவ்வளவோ நாளாகிவிட்டது. அதே நாளிலோ மறுநாளோ இன்னொரு செய்தி வரும். அதில் ஆறு எண்கள் இருக்கும். கணக்கைத் திறப்பதற்கான எண், யாரிடமும் சொல்லாதீர்கள் என்று எச்சரிக்கை வேறு. நான் கேட்காத எண் எனக்கு எதற்கு? வந்த சூட்டோடு அழித்துவிடுவேன்.

எங்கள் அடுக்குமாடிப் புளோக்கின் கீழ்த்தளத்தில் அவ்வப்போது மோசடித் தடுப்புக் கூட்டம் நடக்கும். எனக்கு முதல் வரிசை நாற்காலி. "பெத்த புள்ள கேட்டாலும் ஓடிபி நம்பர சொல்லாதீங்க," என்று அங்கே பேச வந்தவர் சொன்னார். நான் எழுந்து, எனக்கு வந்த சந்தாச் செய்தியை மாதிரிக்கு வாசித்துக் காட்டினேன். இதுதான் சரியான உதாரணம் என்று அவர் பாராட்ட, எல்லாரும் கைதட்டினார்கள். அன்றிலிருந்து துண்டுத்தாள் கொடுப்பது என் பொறுப்பாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோவில் வாசலிலும் நின்று கொடுப்பேன். எங்கள் பங்குச் சாமியாருக்கே ஒன்று கொடுத்தேன். அவர் அதை மடித்து ஜெபப் புத்தகத்தில் வைத்துக்கொண்டார்.

இப்படிப்பட்டவன் வீட்டில் ஒருநாள் நான் குளித்துவிட்டு வருகிறேன், மருமகள் என் போனைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறாள்.

"சார்ஜ் இல்லன்னு நெனச்சேன் மாமா. போட்டு வைக்கலாம்னு பார்த்தேன்."

வாங்கிப் பார்த்தேன். முக்கால்வாசிக்கு மேல் சார்ஜ் இருந்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை. லாரிக்காரனிடமும் முதலில் ஒன்றும் சொல்லமாட்டேன். அடுத்த மாதம் சாப்பாட்டு நேரத்தில், "மாமா, உங்களுக்கு ஏதாச்சும் மெசேஜ் வந்துச்சா?" என்று குழம்பை ஊற்றிக்கொண்டே கேட்டாள். "எனக்கு யாரும்மா மெசேஜ் அனுப்பப் போறா," என்றேன். அவளும் மகனும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிளாஸ்டிக் பை அன்றுதான் குளியலறைக்குள் போனது.

தேக்காவில் எனக்கு ஒரு நண்பர் உண்டு. நாகூர்ப் பக்கத்துக் குடும்பம், மூன்றாவது தலைமுறையாக இங்கே இருக்கிறார்கள். வீடும் அறையும் வாடகைக்குப் பிடித்துக் கொடுக்கிற ஏஜெண்டு. நான் அவரைப் பாய் என்பேன், அவர் என்னை அண்ணே என்பார். சனிக்கிழமை ஈரச்சந்தையில் மீன் வாங்கிக்கொண்டு அவரோடு ஒரு தேத்தண்ணீர் குடிப்பது என் வழக்கம். ஒரு சனிக்கிழமை அவர் போனைப் பார்த்துத் திட்டிக்கொண்டிருந்தார்.

"இந்த வெப்சைட்டுக்காரனுக்கு ஒரு தடவ கார்ட குடுத்தா போதும்ணே. மாசாமாசம் அவனே வெட்டிக்குவான், அவனே இன்வாய்ஸ் அனுப்புவான், அவனே தேங்க்யூவும் சொல்லுவான். ரூம் போயி ஆளு குடிவந்தாலும் விளம்பரம் புதுசு மாதிரி மேல வந்து நிக்கும். நான் ஒருத்தன் மட்டும் இல்ல லா, எல்லாருக்கும் இதே கததான். இங்க பாருங்க, உங்க பிடோக்லயே எத்தன."

அவர் விரலால் தள்ளத் தள்ள அறைகளாக ஓடியது. ஓர் அறையில் நான் அவர் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

கட்டிலில் நான் பார்த்தே இராத விரிப்பு. சுவரில் மாட்டியிருந்த திருஇருதயப் படம் இல்லை. ஆனால் ஜன்னல் கம்பியில், குருத்தோலை ஞாயிறன்று நான் என் கையால் முடைந்து செருகிய சிலுவை அப்படியே இருந்தது. அதைக் கழற்ற மறந்திருக்கிறார்கள். படத்தின் கீழே எழுதியிருந்ததைப் பாய் வாசித்தார்: பெரிய அறை, தனிக் குளியலறை, அமைதியான இடம், வீட்டில் 2 பேர் மட்டும். மேலே பச்சை எழுத்தில், இன்று புதுப்பிக்கப்பட்டது.

கோபம் வந்தது என்றுதான் அப்போது நினைத்தேன். உண்மையில் அது பயம். இந்த வயதில் போ என்றால் நான் எங்கே போவேன்? விற்ற வீடு திரும்பி வருமா? வீட்டில் இரண்டு பேர் மட்டும் என்றால் நான் யார், கட்டிலுக்கு அடியில் கிடக்கிற பெட்டியா?

"அவசரப்படாதீங்கண்ணே," என்றார் பாய். "இது தானா புதுப்பிச்சிக்கிறதா இருக்கும். யாரும் வேணும்னு அமுக்கியிருக்க மாட்டாங்க."

"வேலியே பயிர மேயுது பாய். நீங்க போன் போடுங்க. வாடகைக்கு ஆள் கேக்குற மாதிரி பேசுங்க."

அவருக்கு மனமில்லை. நான் விடவில்லை. விளம்பரத்தில் இருந்த எண் மருமகளுடையது. ஒலியைக் கூட்டி மேசைமேல் வைத்தார்.

"ரூமா? அது இப்ப இல்லங்க. ஆள் இருக்காங்க," என்றது என் மருமகளின் குரல்.

"எப்பம்மா காலியாகும்?" என்று கேட்டார் பாய்.

"அது தெரியாதுங்க," என்று சொல்லி வைத்துவிட்டாள்.

தெரியாதாம். நாள் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று அர்த்தம். பாய் என்னவோ சமாதானம் சொன்னார், என் காதில் விழவில்லை. மீன் பையை அங்கேயே மறந்துவிட்டுக் கிளம்பினேன், அவர்தான் பின்னால் ஓடிவந்து கொடுத்தார்.

ரயிலில் உட்கார்ந்து முதல் செய்தி எப்போது வந்தது என்று யோசித்தேன். அப்போது நான் ஜொகூரில் மகள் வீட்டில் இருந்தேன். பகலில் ஏர்கான் போடலாமா கூடாதா என்று ஓர் உப்புப் பெறாத சண்டை. இனி இந்த வாசப்படியை மிதிக்கமாட்டேன் என்று மகனிடம் கத்திவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு எல்லைப் பாலத்தைத் தாண்டிப் போனவன் நான். சில வாரம் கழித்து மகள் வீட்டிலும் ஒத்துவராமல், சத்தம் போடாமல் திரும்பி வந்தேன். ஏன் வந்தீர்கள் என்று யாரும் கேட்கவில்லை. தட்டை வைத்துச் சோறு போட்டார்கள். அதுவே அப்போது எனக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது. ஆக, நான் பாலத்துக்கு அந்தப் பக்கம் போனதும் இங்கே என் அறை விளம்பரத்தில் ஏறிவிட்டது. எல்லாம் பொருந்திவந்தது. பொருந்திவருகிற சந்தேகத்தில் ஒரு சுகம்கூட இருக்கிறது, சொன்னால் வெட்கம்.

அன்று சாயங்காலம் நான் வாங்கிவந்த மீனையே குழம்பு வைத்திருந்தாள். மூவரும் உட்கார்ந்தோம். மகன் மடியில் எதையோ வைத்துத் தட்டிக்கொண்டிருந்தான். என் சட்டைப் பையில் போன் சிணுங்கியது. எடுத்துப் பார்த்தேன். ஆறு எண்கள். மருமகளின் கண் என் கையிலேயே இருந்தது.

போனை மேசைமேல் கவிழ்த்து வைத்து, மேலே உள்ளங்கையை வைத்தேன்.

"இதுதான வேணும் ரெண்டு பேருக்கும்? என் ரூம வாடகைக்குப் போட்டிருக்கீங்க. எப்ப காலியாகும்னு கேட்டா தெரியாதாம். சொல்லுங்க, நான் எப்ப காலி பண்ணணும்?"

மகன் பிசைந்த சோற்றை அப்படியே விட்டுவிட்டான். மருமகள் அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அவளுக்குக் கோபம்தான் வந்தது.

"போன் பண்ண வச்சது நீங்களா மாமா? வேற என்ன சொல்லச் சொல்றீங்க? நீங்க எப்ப போவீங்கன்னு யாரோ ஒருத்தர் கேக்குறார். அதுக்கு நான் என்னன்னு பதில் சொல்றது?"

மகன்தான் மெதுவாகப் பேசினான்.

"நீங்க வரமாட்டேன்னு சொல்லிட்டுப் போனீங்கப்பா. அந்த மாசம் எனக்கு வேல போச்சு. உங்ககிட்ட சொல்லல. உட்லண்ட்ஸ் வீடு விக்கிறதுக்கு உங்க பேர்ல, உங்க நம்பர்ல நான் ஒரு அக்கவுண்ட் திறந்தேன்ல, அது பழைய கம்ப்யூட்டர்ல திறந்தபடியே கெடந்துச்சு. என் கார்ட போட்டு விளம்பரம் குடுத்துட்டேன். ஆளு வர்றதுக்கு முன்னாடி நீங்க வந்துட்டீங்க. அப்பவே எடுத்துடலாம்னு பார்த்தா அந்தக் கம்ப்யூட்டர் செத்துப்போச்சு. புதுசுல திறக்கணும்னா உங்க போனுக்குத்தான் நம்பர் வரும். கம்பெனியில கேட்டா அப்பாவயே பேசச் சொல்லுங்கங்கிறான். கார்ட நிறுத்தினா கரண்ட் பில்லு, இன்சூரன்ஸ் எல்லாம் சேர்ந்து நின்னுடும்."

"என்கிட்ட கேட்டிருக்கலாம்ல?"

"என்னன்னு கேக்குறது? உங்க ரூம வாடகைக்கு விடப் பார்த்தோம், அத எடுக்கணும், நம்பர் சொல்லுங்கன்னா?"

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். மாதாமாதம் பணம் பிடிக்கிற நாளில் அவர்கள் என் அறையை அந்த விளம்பரத்திலிருந்து எடுக்கப் பார்த்திருக்கிறார்கள். மாதாமாதம் நான் அந்த எண்ணை அழித்து, என் அறையை நானே சந்தையில் நிறுத்தி வைத்திருக்கிறேன். அதற்குத்தான் எனக்கு அத்தனை நன்றி வந்துகொண்டிருந்தது. அதைத்தான் கூட்டத்தில் வாசித்துக் காட்டிக் கைத்தட்டல் வாங்கினேன்.

ஆனாலும் மகன் சொன்னதை அப்படியே நம்பிவிட எனக்கு உடம்பு வளையவில்லை. "எடு கம்ப்யூட்டர. என் கண்ணு முன்னாடி திற," என்றேன்.

சாப்பாட்டுத் தட்டுகளை ஒதுக்கிவிட்டு, மடியில் இருந்ததை எடுத்து மேசைமேல் வைத்தான். முதலில் வந்த எண்ணுக்கு நேரம் கடந்துவிட்டதால் இன்னொன்று வரவழைத்தான். நான் வாசித்தேன். மூன்றாவது இலக்கத்தில் நாக்கு நின்றது. பெற்ற பிள்ளை கேட்டாலும் சொல்லாதே என்று ஊருக்கெல்லாம் தாள் கொடுத்தவன் இல்லையா? மகன் அவசரப்படுத்தவில்லை, விரலைத் தூக்கி வைத்துக்கொண்டு காத்திருந்தான். மிச்சத்தையும் சொன்னேன்.

கணக்கு திறந்தது. என் அறை வந்தது. தெரியாத விரிப்பு, ஜன்னலில் என் குருத்தோலை. பதில் போகாத விசாரிப்புகள் ஒரு பக்கமாக அடுக்கி நின்றன. மகன் நீக்குகிற இடத்தைத் தேடிக்கொண்டிருந்தான். நான் கீழே இருந்த அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டில் 2 பேர் மட்டும். அதைப் பற்றிக் கேட்கவேண்டும் என்று வாயெடுத்தேன். கேட்டு என்ன செய்யப்போகிறேன், நான் போன பிறகு எழுதியது, எழுதியபோது அது உண்மைதான்.

மருமகள் எழுந்து வந்து, மகன் கையை விலக்கிவிட்டு, அந்த வரியில் இருந்த 2 என்ற எண்ணை அழித்தாள். 3 என்று போட்டாள். சேமித்தாள்.

"எல்லாத்தயும்தான் அழிக்கப் போறோமே, இது எதுக்கு?" என்றான் மகன்.

"ஒரு நிமிஷமாச்சும் சரியா இருக்கட்டும்," என்றாள்.

என்னால் திரையைப் பார்க்க முடியவில்லை. கண்ணில் மீன் குழம்புக் காரம் என்று சொல்லித் துடைத்துக்கொண்டேன். நிறுத்தத்தான் வேண்டுமா, பாதி விலைக்குத் தருகிறோம் என்றெல்லாம் அந்த வெப்சைட் கெஞ்சிப் பார்த்தது. மகன் அமுக்கினான். அறை போய்விட்டது. நாங்கள் ஆறிப்போன சோற்றைச் சாப்பிட்டோம்.

மறுநாள் காலையில் போனைச் சாப்பாட்டு மேசைமேல் வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். திரும்பி வந்தபோது மருமகள் அதைச் சார்ஜில் போட்டிருந்தாள். ஏற்கெனவே எவ்வளவு இருந்தது என்று நான் பார்க்கவில்லை.