யாரையும் நம்பாத நிர்மலாதேவி

மாரண்டஹள்ளியில் வயசுப் பெண் ஒருநாள் வெளியூர் போய்வர வேண்டும் என்று கேட்டால், வீட்டில் கேட்கிற முதல் கேள்வி, "நிர்மலா கூடப் போறியா?" என்பதுதான். ஆமாம் என்றால் மறுபேச்சு கிடையாது. நிர்மலாதேவி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் லேடீஸ் டெய்லர் கடை வைத்திருக்கிறாள். வயது முப்பத்தைந்துக்கு மேல். கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டவள். ஊருக்கு அவள்மேல் இத்தனை நம்பிக்கை வந்ததற்குக் காரணம் ஒன்றே ஒன்று. அவள் யாரையும் நம்ப மாட்டாள்.

சும்மா சொல்லவில்லை. ஜாக்கெட் துணி கொண்டு வந்து கொடுத்தால், கொண்டு வந்தவர்கள் எதிரிலேயே அளந்து பார்த்துத்தான் வாங்குவாள். மெடிக்கலில் மாத்திரை வாங்கினால் தேதியை வெளிச்சத்தில் பிடித்து இரண்டு தடவை படிப்பாள். எடை போட்டுக் காட்டச் சொல்வாள் என்று, சிலிண்டர் போடுகிற பையன் அவள் தெருப் பக்கம் வருவதற்கே யோசிப்பான். அவளைப் பெண் பார்க்க வந்த ஒருவனிடம், வேலை பார்க்கிற இடத்து அடையாள அட்டையைக் காட்டச் சொன்னாளாம். அவன் பஜ்ஜியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனான். அதைச் சொல்லிச் சொல்லி அவளே சிரிப்பாள்.

கோடை லீவு விட்டதும் ஒரு ஞாயிற்றுக்கிழமை வேன் பிடித்துப் பெண் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கிளம்புவாள். ஒரு வருஷம் வத்தல்மலை, ஒரு வருஷம் சித்தேரி, மற்றபடி ஒகேனக்கல். பெற்றவர்களுக்கென்று வாட்ஸ்அப்பில் தனியாக ஒரு குரூப். வண்டி எங்கே நின்றாலும் அதில் லொகேஷன் போட்டுவிடுவாள். டிரைவர் மாதேஷ் அவளுக்குப் பல வருஷப் பழக்கம். இருந்தாலும் ஒவ்வொரு தடவையும் அவர் லைசென்ஸை வாங்கிப் பார்க்காமல் ஏற மாட்டாள். அவரும் சாவியோடு அதையும் கையில் எடுத்து வைத்துக்கொண்டுதான் நிற்பார்.

இந்த வருஷம் ஒகேனக்கல். வேன் பாலக்கோடு தாண்டியதும் நிர்மலா எழுந்து, சீட்டைப் பிடித்துக்கொண்டு ஆரம்பித்தாள்.

"வெளிய யாரு பேரு கேட்டாலும் உண்மைப் பேரு சொல்லாதீங்க. மூடி தொறந்த ஜூஸு யாரு குடுத்தாலும் வேணாம். பாத்ரூமுக்குத் தனியா போவாதீங்க, ஒருத்தி வெளிய நிக்கணும். பரிசல்ல லைஃப் ஜாக்கெட் போடாம ஏறுனா நானே புடிச்சுத் தள்ளி உட்ருவேன். வூடு போய்ச் சேர்ற வரைக்கும் ஒரு போட்டோ கூட ஸ்டேட்டஸ்ல வெக்கக் கூடாது."

"சிரிக்கலாமாக்கா?" என்றாள் சோபனா. அவளுக்கு வாய் சும்மா இருக்காது.

"சிரி. பல்லு தெரியாம சிரி."

வேனே சிரித்தது. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த அன்பரசி மட்டும் போனைப் பார்த்துத் தனியாகச் சிரித்தாள். நிர்மலா அதைக் கவனித்துக்கொண்டாள்.

அன்பரசி நர்சிங் முடித்தவள். பெங்களூரில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்து, ஜூன் மாதம் சேர வேண்டும். அவள் அப்பா கிருஷ்ணப்பன், தக்காளித் தோட்டக்காரர், மாதக்கணக்கில் முறைத்துக்கொண்டு இருந்துவிட்டு இப்போதுதான் இறங்கி வந்திருந்தார். முதல்நாள் சாயங்காலம் டெய்லர் கடைக்கே வந்து, "ஒரு நாளு வெளிய உட்டுப் பாக்கறம்மா. பொண்ணு எப்பிடி நடந்துக்குதுன்னு நீ பாத்துச் சொல்லு. ஒரு கெட்ட பேச்சு காதுல உழுந்துதுன்னு வெய்யி, பெங்களூரும் இல்ல கிங்களூரும் இல்ல" என்று சொல்லிவிட்டுப் போனார். மகளுக்கு இப்படி வெளிப்படையாகப் பரீட்சை வைக்கிறாரே, நேர்மையான மனுஷன் என்று நிர்மலாவுக்குப் பட்டது. அவள் சந்தேகப்படாமல் விட்ட ஆள் அந்த வருஷத்தில் அவர் ஒருவர்தான்.

பாப்பாரப்பட்டியில் டீக்கு நின்றார்கள். நிர்மலா வழக்கம்போல லொகேஷன் போட்டாள். பிள்ளைகள் வடை தின்று முடிப்பதற்குள் ஒரு டிவிஎஸ் எக்ஸெல் வந்து நின்றது. வெள்ளைச் சட்டை, கழுத்தில் துண்டு, ஐம்பது ஐம்பத்தைந்து வயது ஆள். டீ வாங்கினார். குடிக்கவில்லை. டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு பெண் பிள்ளைகளை ஒவ்வொருத்தியாகப் பார்த்தார்.

பென்னாகரத்தில் தண்ணீர் பாட்டில் வாங்க நின்றபோதும் அதே எக்ஸெல். நிர்மலா வண்டி நம்பரைப் போனில் படம் எடுத்துக்கொண்டு, "மாதேஷண்ணா, பின்னால ஒரு ஆளு வர்ரானே, தெரிஞ்ச மூஞ்சியா?" என்றாள்.

"யாரோ பெருசும்மா. மீன் வாங்கப் போவாரு."

"மீன் வாங்கப் போறவன் ஏன் நம்ம நிக்கற எடத்துல எல்லாம் நிக்கறான்?"

மாதேஷ் கண்ணாடியில் ஒரு தடவை பின்னால் பார்த்துவிட்டு வண்டியைக் கிளப்பினார்.

ஒகேனக்கல்லில் அன்றைக்குக் கூட்டம் சொல்லி மாளாது. பரிசல் ஓட்டுகிறவரிடம், நடு ஆற்றில் சுற்றிவிட்டு விளையாட்டுக் காட்டக் கூடாது என்று சத்தியம் வாங்காத குறை. அவர் சுற்றத்தான் செய்தார். பிள்ளைகள் கத்திய கத்தில் பாறை மேலிருந்த குரங்குகள் எழுந்து ஓடின. நிர்மலாவும் கத்தினாள், பிறகு அதை ஒப்புக்கொள்ளவில்லை. பெண்கள் குளிக்கிற பக்கம் போய் அருவித் தண்ணீரில் ஆட்டம் போட்டார்கள். உடை மாற்றுகிற அறைகளில் எங்கே கேமரா வைத்திருக்கிறானோ என்று அவளுக்கு எப்போதும் பயம். அதனால் கழுத்தில் நாடா வைத்து, கால்வரை தொங்குகிற மாதிரி பெரிய துணிக் கூடு ஒன்று தைத்து வைத்திருந்தாள். அதற்குள் புகுந்து, நின்ற இடத்திலேயே மாற்றிக்கொள்ளலாம். பக்கத்தில் குளித்த பெண்கள், எங்கே வாங்கினீர்கள், உங்கள் பேர் என்ன என்று கேட்டார்கள். அப்போதும் அவள் உண்மைப் பேரைச் சொல்லவில்லை.

நனைந்த தலையோடு மீன் வறுக்கிற இடத்துக்கு வந்தார்கள். மீனை நாமே வாங்கிக் கொடுத்தால் அங்கே இருக்கிற பெண்கள் மசாலா தடவி வறுத்துத் தருவார்கள். மீனைக் கொடுத்த கையோடு, அது மாறிவிடக் கூடாதென்று நிர்மலா அடுப்புப் பக்கத்திலேயே நின்றாள். திரும்பிப் பார்த்தால் வெள்ளைச் சட்டைக்காரர் எதிர் மரத்தடியில் உட்கார்ந்திருந்தார். அவர் பார்வை இப்போது எல்லாப் பெண்கள் மேலும் இல்லை. அன்பரசி மேல் மட்டும் இருந்தது. அன்பரசியோ சற்றுத் தள்ளிப் போய், கையால் வாயை மறைத்துக்கொண்டு போனில் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

நிர்மலாவின் மனசு கணக்குப் போட்டு முடித்துவிட்டது. இவளுக்கு ஒருத்தன் இருக்கிறான். இந்தக் கிழவன் அவனுக்குத் தூது. எங்கேயோ ஓரிடத்தில் இவளை ஏற்றிக்கொண்டு போகத்தான் பின்னாலேயே வருகிறான். கிருஷ்ணப்பன் கண்ணில் எப்படி விழிப்பது?

விறுவிறுவென்று போனாள். எல்லாப் பிள்ளைகளும் பார்க்க, அன்பரசி கையிலிருந்த போனைப் பிடுங்கினாள்.

"யாருடி இது?"

"அனிதான்னு பேருக்கா. பெங்களூர் ஹாஸ்டல்ல என் ரூம்ல இருக்கப் போறவ. பஸ்ஸு எங்க எறங்கணும்னு சொல்லிட்டு இருந்தா."

"ஆம்பளை நம்பர பொம்பளைப் பேருல போட்டு வெக்கறது எனக்குத் தெரியாதா?"

அந்த நம்பருக்கே திரும்ப அடித்து ஸ்பீக்கரில் போட்டாள். "ஹலோ, ஏனாயித்து?" என்று ஒரு பெண் குரல், என்ன ஆச்சு எனக் கன்னடத்தில் கேட்டது. நிர்மலா உடனே வைத்தாள். அதோடு விட்டாளா? மெசேஜையும் மேலும் கீழும் தள்ளிப் பார்த்தாள். ஹாஸ்டல் கட்டில் போட்டோ, பஸ் நேரம், ஆஸ்பத்திரி யூனிஃபார்ம் அளவு. வேறெதுவும் இல்லை.

அன்பரசி அழவில்லை. கையை மட்டும் நீட்டினாள். நிர்மலா போனை அந்தக் கையில் வைத்தாள். தப்பு என்று தெரிந்துவிட்டது. ஆனால் எல்லார் முன்னாலும் அதைச் சொல்ல வாய் வரவில்லை. அந்தக் கோபத்தையும் சேர்த்து எடுத்துக்கொண்டு மரத்தடிக்குப் போனாள்.

"ஏங்க, பாப்பாரப்பட்டியில இருந்து பாக்கறன். எதுக்குப் பின்னாலயே வர்ரீங்க? வண்டி நம்பரு என் போன்ல இருக்குது. போலீஸக் கூப்புடட்டுமா?"

அவர் பதறிப்போய் எழுந்தார். "ஐயோ, வேணாம்மா. நான் பாப்பாரப்பட்டி பெரியண்ணன். தப்பான ஆளு இல்லம்மா. எங்க அக்கா மவன் அருண்குமாருக்குப் பொண்ணு பாக்கறோம். கிருஷ்ணப்பன்தான் சொன்னாரு, பொண்ணு ஞாயித்துக்கெழம ஒகேனக்கல் வருது, அப்பிடியே தூரத்துல இருந்து பாத்துக்குங்கன்னு. அதான் வந்தன்."

அந்தப் பக்கத்தில் அது ஒன்றும் புதுசு இல்லை. முறைப்படி பெண் பார்க்க வருவதற்கு முன், பெண்ணுக்குத் தெரியாமல் ஒருவர் போய்ப் பஸ் ஸ்டாண்டிலோ கோயிலிலோ பார்த்துவிட்டு வருவார்கள். நடை, பேச்சு, நாலு பேரோடு பழகுகிற விதம் எல்லாம் அப்போதுதான் தெரியும் என்பார்கள். நிர்மலாவையே அப்படிப் பார்த்திருக்கிறார்கள்.

"நாங்க நிக்கற எடமெல்லாம் எப்பிடித் தெரிஞ்சுது?" என்று கேட்டாள். கேட்கும்போதே பதில் தெரிந்துவிட்டது.

"நீங்க குரூப்புல போடறீங்களாமே, அத அவரு எனக்கு அனுப்பி உட்டாரு." பெரியண்ணன் போனைக் காட்டினார். அவள் போட்ட லொகேஷன்கள் வரிசையாக இருந்தன.

நிர்மலா கேமராவுக்குப் பயந்தாள், மூடி திறந்த ஜூஸ் வேண்டாம் என்றாள், மீனுக்குக் காவல் நின்றாள். பெற்ற அப்பன் இவள் கையாலேயே மகளை வேவு பார்க்க வைத்துவிட்டான். பெங்களூர் என்று சொன்னது பொய். பரீட்சை என்று சொன்னதும் பொய்.

"பொண்ணு லட்சணமாத்தான் இருக்குது," என்றார் பெரியண்ணன், குரலைத் தாழ்த்தி. "பரிசல்ல சத்தம் கொஞ்சம் ஜாஸ்தி. ஆனா உங்க மாதிரி ஆளுகூட அனுப்பறாங்கன்னா வூடு நல்ல வூடுதான். ஏம்மா, நீங்க சொல்லுங்க, பொண்ணு எப்பிடி? வேற எதனாச்சும் இருக்குதா?"

இங்கேதான் மாட்டிக்கொண்டாள். தங்கமான பெண் என்று சொன்னால் கல்யாணத்தை முடித்துவிடுவார்கள், பெங்களூர் வேலை கைவிட்டுப் போய்விடும். ஒரு குறை சொன்னால் சம்பந்தம் நின்றுபோகும். ஆனால் அந்தக் குறை சாயங்காலத்துக்குள் கிருஷ்ணப்பன் காதுக்குப் போகும், அப்போதும் பெங்களூர் போய்விடும். எப்படிச் சொன்னாலும் அந்தப் பெண் தலையில்தான் விடியும். அவளுக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது.

"என்னக் கேக்காதீங்க. அவளையே கேளுங்க," என்றாள். அன்பரசியைக் கூப்பிட்டாள். வந்து நின்றவளிடம் மழுப்பாமல் சொன்னாள். "இவரு உன்னப் பொண்ணு பாக்க வந்திருக்காரு. உங்கப்பா அனுப்புனது."

அன்பரசி முகம் வெளுத்தது. ஈரத் துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு பேசினாள்.

"ஐயா, எனக்கு இது தெரியாதுங்க. நான் ஜூன்ல பெங்களூர்ல வேலைக்குச் சேர்றன். ரெண்டு வருஷம் அங்கதான் இருப்பன். இப்பக் கல்யாணம் வேணாங்க. எனக்குக் கெட்ட பேரு வராம நீங்களே அப்பாகிட்டச் சொல்லிடுங்க."

பெரியண்ணன் அவளைப் பார்த்தார், நிர்மலாவைப் பார்த்தார். "வேலை கெடச்சிருக்குதா? வூட்டோட இருக்கற பொண்ணுன்னுதான சொன்னாரு?"

அங்கேயே கிருஷ்ணப்பனுக்குப் போன் போட்டார். கத்தாமல் பேசினார். "பொண்ணு மேல ஒரு கொறையும் இல்லீங்க. நேருக்கு நேரா பேசுது. ஆனா நீங்க பொண்ணுகிட்டயும் மறைச்சிருக்கறீங்க, எங்ககிட்டயும் மறைச்சிருக்கறீங்க. மறைச்சுப் பேசற எடத்துல நமக்குச் சரிப்பட்டு வராதுங்க" என்று சொல்லி வைத்துவிட்டார். அப்புறம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, நிஜமாகவே மீன் வாங்கப் போனார்.

கிருஷ்ணப்பன் உடனே நிர்மலாவைக் கூப்பிட்டார். "என்னமா பண்ணி வெச்சிருக்க?" என்று ஆரம்பித்தவரை அவள் முடிக்க விடவில்லை.

"அண்ணா, இப்ப அவளப் பெங்களூர் அனுப்பாம நிறுத்தினீங்கன்னா, ஏன் நிறுத்துனீங்கன்னு பாப்பாரப்பட்டி வரைக்கும் கேப்பாங்க. நானும் சொல்லுவன். பாத்துக்குங்க."

"செரி, செரி, வூட்டுக்குக் கூட்டிட்டு வா" என்று அவர் போனை வைத்தார். அவர் வழிக்கு வந்துவிட்டார் என்று அவளுக்குப் புரிந்தது.

திரும்பி வரும்போது யாரும் பாட்டுப் போடவில்லை. நிர்மலா அன்பரசிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"உன் போனப் புடுங்கனது தப்பு. மனசுல வெச்சுக்காத."

அன்பரசி ஜன்னலிலிருந்து முகத்தைத் திருப்பவில்லை. "அப்பா அப்பிடித்தான், எனக்குத் தெரியும்கா. நீங்க அப்பிடி இல்லன்னு நெனச்சன். ஒரு வார்த்தை கேட்டிருந்தா நானே போனக் குடுத்திருப்பன்."

ஜூன் பிறந்ததும் அவள் ஓசூர் பஸ் ஏறினாள். கிருஷ்ணப்பனே பெட்டியைத் தூக்கி வைத்தார், ஊர் பார்க்க வேண்டுமே. பெங்களூர் போனதும் நம்பரை மாற்றிவிட்டாள் என்று சோபனா வந்து சொன்னாள். புது நம்பர் சோபனாவிடம் இருந்தது, அன்பரசியின் அம்மாவிடம் இருந்தது. நிர்மலா கேட்கவில்லை. சோபனாவும் கொடுக்கவில்லை.

ஒருநாள் கிருஷ்ணப்பன், பெண்டாட்டி ஜாக்கெட்டைக் கொடுக்கிற சாக்கில் கடைக்கு வந்தார். துணியை அவர் எதிரில் அவள் அளக்கவில்லை, அப்படியே வாங்கி வைத்தாள். அவர் போகாமல் நின்றார். முகம் இளைத்திருந்தது.

"வூட்டுல அவங்கம்மாகிட்டப் புது நம்பரக் கேட்டா தர மாட்டேங்கறா. என் பேருல கோவம் இருக்கட்டும், சாப்புடறாளா தூங்கறாளான்னாச்சும் ஒரு வார்த்தை கேட்டுக்கறன். அந்த நம்பர நீ குடும்மா."

"எங்கிட்ட இல்லீங்கண்ணா."

"உன்கிட்ட இல்லாம இருக்குமா?"

"சத்தியமா இல்லீங்க. எனக்குக் குடுக்கல."

அவர் அவளை மேலும் கீழும் பார்த்தார். மிஷின் மேலிருந்த அவள் போனைப் பார்த்தார். அவள் அதை எடுத்து, திறந்து, அவர் பக்கமாகத் தள்ளி வைத்தாள். அப்போதும் அவர் நம்பவில்லை.