கரிக்காத உப்பு

பாவாடையின் நாக்குக்கு மரக்காணம் உப்பளத்தில் தனி மரியாதை. பாத்தித் தண்ணீரில் விரலை விட்டு நக்கிப் பார்த்து, "நாளைக்கு உப்பு வாரலாம்" என்று அவன் சொல்லிவிட்டால் மறுபேச்சு கிடையாது. சுனாமி வந்துபோன அடுத்த கோடையில், அந்த நாக்கின் ஓரத்தில், காலமெல்லாம் புகையிலை அடக்குகிற அதே இடத்தில், வெள்ளையாக ஏதோ படர ஆரம்பித்தது.

உள்ளூர் ஆஸ்பத்திரியில் நர்ஸம்மா டார்ச் அடித்துப் பார்த்தார். முகம் மாறிவிட்டது. "திங்கக்கிழமை பாண்டிக்குப் போய் டாக்டர்கிட்ட காட்டிடுங்க. புகையிலையத் தொடாதீங்க. நாக்க எதையும் போட்டுத் தேய்க்காதீங்க. இருக்கறபடியே அவரு பாக்கணும்" என்றார்.

தலையாட்டினானே தவிர, பாவாடைக்குப் போகிற எண்ணமே இல்லை. காரணம் கலியன். பக்கத்துப் பாத்தியில் வேலை செய்தவன். இதே மாதிரி நாக்கைக் காட்டப் போனவன் பாதி நாக்கோடு திரும்பி வந்தான். அதற்கப்புறம் அவன் வாயில் வந்ததெல்லாம் "ஆ... ஆ..." மட்டும்தான். சுனாமியன்று காலையில் வரப்பின்மேல் நின்று, கையை ஆட்டி ஆட்டி அப்படித்தான் கத்தினான். கஞ்சிக்குக் கூப்பிடுகிறான் என்று மற்றவர்கள் தங்கள் பாட்டுக்கு மண் வெட்டிக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் வந்தபோது அவர்கள் உப்புக் குவியலில் ஏறிப் பிழைத்தார்கள். கலியனின் உடம்புகூடக் கிடைக்கவில்லை.

குரல் மட்டும் போகவில்லை. பொழுது சாய்ந்தால், ஆளில்லாத உப்பளத்திலிருந்து "ஆ... ஆ..." என்று வரும். நாக்கில் வெள்ளை வந்த பிறகுதான் பாவாடைக்கு அது கேட்கத் தொடங்கியது. தன்னையும் கூட்டிப்போகத்தான் கூப்பிடுகிறான் என்று பயந்தான். சொன்னால் பைத்தியம் என்பார்கள் என்று வாயைத் திறக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மனைவி செல்லம்மாள் அவன் வேட்டியை மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தாள். பாவாடை ஒரு பிடி கல்லுப்போடு கொல்லைப்பக்கம் போனான். காலில் புண்ணானாலும் பல்வலியானாலும் உப்பளத்துக்காரனுக்கு அதுதானே மருந்து? வெள்ளையைத் தேய்த்து எடுத்துவிட்டால் பாண்டி எதற்கு? கண்ணாடியைப் பார்த்துத் தேய்த்தான். ரத்தம் வந்தது. வெள்ளை போகவில்லை. உப்பு எரியவில்லை, கரிக்கக்கூட இல்லை. வாயில் மணலைப் போட்ட மாதிரி இருந்தது.

"எரியலையா?" பின்னால் செல்லம்மாள் நின்றிருந்தாள்.

அவன் கண்ணாடியைத் தாழ்த்தினான்.

"ஒரு வாரமா ஒன் கொழம்புல உப்பே போடலய்யா நானு. நல்லா இருக்குதுன்னு தின்ன." அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"அறுத்துடுவாங்கடி. கலியனுக்கு அறுத்த மாதிரி."

"அவரு ஒரு வருசம் யாருக்கும் காட்டாம மறைச்சாரு. அதான் அறுத்தாங்க."

அப்போது உப்பளத்திலிருந்து அது வந்தது. "ஆ... ஆ..."

பாவாடை திரும்பி அவளைப் பார்த்தான். முந்தானையால் காதைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

"ஒனக்கும் கேக்குதா?"

"தெனமும் கேக்குது. சொன்னா பயந்துடுவியேன்னு சொல்லல." அவள் உப்பளத்துப் பக்கம் பார்த்தாள். "அன்னிக்கு அவரு கஞ்சிக்கா கூப்பிட்டாரு? ஓடுங்கடான்னு கத்துனாரு. யாருக்குமே புரியல. இன்னிக்கும் அதையேதான்யா கத்தறாரு."

பாவாடை கையிலிருந்த உப்பைக் கீழே போட்டுவிட்டு வாயைக் கொப்பளித்தான்.

விடிந்ததும் முதல் பஸ்ஸில் இருவரும் ஏறினார்கள். உப்பளத்தைத் தாண்டும்போது, யாரும் வேலைக்கு வந்திராத வரப்பின்மேல் ஒரு உருவம் நின்று கையை ஆட்டி ஆட்டிக் கத்திக்கொண்டிருந்தது. பாவாடை ஜன்னலில் தலையை நீட்டினான்.

"போய்க்கிட்டுத்தான்டா இருக்கறேன்" என்றான்.