சீல் வைத்த நண்டுத் தொட்டி

இருபத்திரண்டு வருடம் ஏசி மெக்கானிக்காக வேலை பார்த்ததில் எனக்குக் கிடைத்த ஒரே பட்டம் 'திறப்புவிழா'. கூட வேலை செய்கிறவர்கள் வைத்த பெயர். எந்தப் பொருளைப் பார்த்தாலும் அதில் ஸ்க்ரூ எங்கே இருக்கிறது என்றுதான் என் கண் முதலில் தேடும். ஓடாத மெஷினைத் திறப்பது தொழில். நன்றாக ஓடுவதையும் திறப்பது வியாதி. கல்யாணமான முதல் மாதமே மனைவியின் தையல் மெஷினைக் கழற்றி, "சத்தம் ஜாஸ்தியா இருக்கு, பாத்துடறேன்" என்றேன். அன்றோடு சத்தம் நின்றது. தையலும் நின்றது.

மனைவி மின்சார மீட்டர்களைச் சோதித்து சீல் வைக்கும் இடத்தில் வேலை பார்க்கிறாள். கம்பியைக் கோத்து, ஈயக் குண்டுக்குள் முனையைச் செருகி, இடுக்கியால் ஒரு நசுக்கு. அதன் பிறகு யார் திறந்தாலும் தெரிந்துவிடும். நான் திறக்கிறவன், அவள் மூடுகிறவள். எங்களைச் சேர்த்து வைத்த சொந்தக்காரர் அதற்குப் பிறகு எங்கள் வீட்டுப் பக்கம் வரவேயில்லை.

அவளுடைய ஆபீஸில் வேலையை விட்டுப் போன ஒருத்தி, போகிற போக்கில் இரண்டு துறவி நண்டுகளைக் கண்ணாடித் தொட்டியோடு இவள் தலையில் கட்டிவிட்டாள். காலிச் சங்குக்குள் உடம்பை நுழைத்துக்கொண்டு, அதையே சுமந்து நடக்கிற தரை நண்டுகள். பெயர்தான் துறவி, உடம்பு பெருத்தால் அடுத்தவர் சங்கின் மேல் கண் வைக்கும். இவள் பெரியதைப் பெரியவர் என்றாள், சிறியதைச் சின்னவர் என்றாள். சாயங்காலம் நான் வந்து "இன்னைக்கு என்ன சமையல்?" என்று கேட்டால், தொட்டி முன்னால் உட்கார்ந்தபடியே, "இவங்க ரெண்டு பேரும் ஒருநாள்கூட இந்தக் கேள்விய கேட்டதில்ல" என்பாள்.

இந்த நண்டுகளுக்கு ஈரக் காற்று வேண்டும். காற்று காய்ந்தால் மூச்சு முட்டிச் செத்துப்போகும். ஊரில் உள்ள அறைகளில் எல்லாம் ஈரத்தை உறிஞ்சிப் பிழைக்கிறவன் நான். என் வீட்டில் நான் தொட்டிப் பக்கம் போனாலே நண்டுகள் சங்குக்குள் ஓடி ஒளிந்ததில் அவற்றைக் குறை சொல்ல முடியாது.

போன வருடம் சின்னவர் மண்ணுக்குள் போனார். வளர வேண்டுமென்றால் அவை பழைய தோலை உரித்தாக வேண்டும். அதற்காக ஈர மண்ணைத் தோண்டிப் புதைந்துகொள்ளும். புதுத் தோல் கெட்டியாகும்வரை வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் உள்ளேயே கிடக்கும். அதுவரை தொடக்கூடாது. இதையெல்லாம் மனைவி எனக்கு மூன்று முறை சொன்னாள். நான் பதினெட்டு நாள் பொறுத்தேன். பத்தொன்பதாம் நாள், அவள் வருவதற்குள், ஒரு கரண்டியை எடுத்தேன். காற்றோட்டம் சரியாக இருக்கிறதா என்று பார்க்கத்தான். மண்ணுக்குள் சின்னவர் அவித்த முட்டையின் வெள்ளை மாதிரி கிடந்தார். இரண்டு நாளில் போய்விட்டார்.

அவள் கத்தவில்லை. சங்கைக் கழுவித் துடைத்து வைத்தாள். ஒன்பது நாள் என்னோடு பேசவில்லை. கத்தியிருந்தால் தேவலை என்று இருந்தது.

இந்த வருடம் அவளுடைய அக்கா வழுக்கி விழுந்து இடுப்பில் ஆபரேஷன். கூட இருந்து பார்த்துக்கொள்ள ஏழு வாரம் போக வேண்டும். கிளம்ப நான்கு நாள் இருக்கும்போது பெரியவர் மண்ணுக்குள் போனார். நேரம் பார்த்துப் போனார் பாருங்கள். மனைவி ஆபீஸில் ஒதுக்கிப்போட்ட பழைய இடுக்கியையும் கம்பியையும் கொண்டுவந்து தொட்டியின் கொக்கிக்கு சீல் வைத்தாள்.

"மூடியில இருக்கிற ஓட்டை வழியா கிண்ணத்துக்குத் தண்ணி ஊத்துங்க. அது போதும். எட்டிப் பாருங்க, வேணாங்கல. கை மட்டும் உள்ள போகக் கூடாது."

"நான் என்ன சின்னக் குழந்தையா?"

"குழந்தைன்னா சொன்னா கேக்கும்ங்க."

வாசலில் பெட்டியோடு நின்று திரும்பினாள். "சின்னவருக்கு ஆன மாதிரி மறுபடியும் ஆச்சுன்னா, அதுக்கப்புறம் உங்களோட எப்படி இருக்கிறதுன்னு எனக்குத் தெரியல." அவள் குரலில் கோபமே இல்லை.

அந்தத் தொட்டிக்கு மூடி செய்து மாட்டியவனே நான். சீல் இருப்பது முன்பக்கம். பின்பக்கம் கீலில் நான்கு பொடி ஸ்க்ரூ, வேலைப் பையில் இருக்கும் பெரிய ஸ்க்ரூடிரைவர் எதுவும் அவற்றுக்குப் பொருந்தாது. அவற்றைக் கழற்றினால் சீலுக்கு ஒரு கீறல்கூட விழாமல் மூடி கையோடு வந்துவிடும். அவள் ஏறிய வண்டி தெருமுனையைத் தாண்டுவதற்குள் இது எனக்கு ஞாபகம் வந்துவிட்டது. உடனே சின்ன ஸ்க்ரூடிரைவர் செட்டை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன். அங்கே ஒரு நர்ஸம்மா குடியிருந்தார்.

"இத நீங்க வெச்சுக்குங்க. நான் கேட்டாலும் குடுக்காதீங்க."

"குடியை விடறவங்க பாட்டிலக் கொண்டாந்து குடுப்பாங்க. நீங்க இதக் குடுக்கிறீங்களே" என்று வாங்கி வைத்தார்.

தினமும் மதியம் மனைவி போன் செய்தாள். "எப்படி இருக்காரு?" "மண்ணு நல்லா இருக்கு." நான் கண்ணாடியில் மூக்கை வைத்து அழுத்திப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கண்ணாடியில் என் மூக்கு எண்ணெய்தான் படிந்தது.

ஐந்தாவது வாரம் நாற்றம் வந்தது. அழுகின மீன் நாற்றம். நண்டு செத்தால் அப்படித்தான் நாறும் என்று பிராணிகள் விற்கிற கடைக்காரர் சொல்லியிருக்கிறார். இரண்டு நாள் தொட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தேன். உயிரோடு இருந்தால், நான் திறந்தே கொன்றுவிடுவேன். செத்திருந்தால், எப்படியும் பழி என்மேல்தான். மூன்றாம் நாள் காலையில் வேலைக்குக் கிளம்பியவன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நேராக மாடிக்குப் போய்விட்டேன்.

"அந்த செட்டக் குடுங்க. வீட்ல ஒரே நாத்தம், நண்டு போயிடுச்சுன்னு நினைக்கிறேன்."

நர்ஸம்மா மூக்கைப் பொத்திக்கொண்டார். "நாத்தம் உங்க மேலதான் வருது. பையில என்ன?"

டூல்ஸ் பையைத் திறந்தேன். அடியில் போன வாரத்துச் சாப்பாட்டு டப்பா. அதில் இரண்டு துண்டு மீன். தினமும் அந்தப் பையைத் தொட்டிக்குப் பக்கத்து ஆணியில்தான் மாட்டுவேன். ஊரில் எந்த மெஷினில் என்ன கோளாறு என்று காது வைத்தே சொல்லிவிடுகிற ஆள் நான். அசடு வழியக் கீழே இறங்கினேன், வெறுங்கையோடு.

மனைவி வந்தாள். செருப்பைக் கழற்றுவதற்கு முன் சீலைப் பார்த்தாள். அப்படியே இருந்தது. பிறகு தொட்டியின் பின்னால் போய்க் கீலைத் தடவினாள்.

"எப்பக் கழட்டுனீங்க?"

"கழட்டவே இல்ல."

"ஏழு வாரமா?"

"ஏழு வாரமா. வேணும்னா மாடியில கேளு, ஸ்க்ரூடிரைவரே அவங்ககிட்டதான் இருக்கு."

கேட்டாள். நர்ஸம்மா பொய் சொல்லத் தெரியாதவர். "ஆமாங்க, என்கிட்டதான் இருக்கு. நடுவுல ஒருநாள் வந்து திருப்பிக் கேட்டாரு" என்றார். அதற்கு மேல் அவர் சொன்னது எதுவும் மனைவியின் காதில் ஏறவில்லை, நான் வாங்கித் திறந்துவிட்டேன் என்றே முடிவு கட்டிவிட்டாள். கீழே வந்து கம்பியை வெட்டினாள், மூடியைத் தூக்கினாள், கரண்டியை எடுத்தாள். நான் பதறிப்போய் "வேண்டாம், வேண்டாம்" என்றேன். அதையே அவள் ஒப்புதல் வாக்குமூலமாக எடுத்துக்கொண்டாள்.

மூன்றாவது கரண்டியில் ஒரு கால் தெரிந்தது. வெளிறிப்போய், ஈரமாக, பிஞ்சாக இருந்தது. அது மெல்ல மடங்கியது. உயிரோடு இருந்தது.

அவள் அசையவில்லை. கை அந்தரத்தில் அப்படியே நின்றது. நான் கரண்டியை வாங்கி, மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிப் போட்டு மூடினேன். பத்தொன்பது வருடக் கல்யாணத்தில் நான் ஒன்றை மூடியது அன்றுதான்.

அடுத்த பதிமூன்று நாள் அவள் சரியாகச் சாப்பிடவில்லை. "என் கையால போயிடுமோ?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். "போகாது" என்று நான் சொல்லிக்கொண்டே இருந்தேன், ஏதோ எனக்கு எல்லாம் தெரிந்த மாதிரி. பதினான்காம் நாள் காலையில், வேலைக்குக் கிளம்புகிற நேரத்தில், மண் பிளந்தது. பெரியவர் செக்கச்செவேலென்று வெளியே வந்து, எங்கள் இருவரையும் கண்டுகொள்ளாமல் தண்ணீர்க் கிண்ணத்தைப் பார்த்து நடந்தார்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அன்னைக்கு உள்ள செத்துக் கிடந்திருந்தா, நீங்கதான்னு சொல்லியிருப்பேன்."

"நானும் ஆமான்னு ஒத்துக்கிட்டிருப்பேன்" என்றேன். சிரிப்பாள் என்று நினைத்துத்தான் சொன்னேன். சொன்ன பிறகுதான் அது நிஜம் என்று தெரிந்தது. தூக்கத்தில் எழுந்து போய்த் தோண்டியிருப்பேனோ என்று என்னை நானே சந்தேகப்பட்டிருப்பேன்.

அவள் சிரிக்கவில்லை. என் சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அதாங்க எனக்குத் தாங்கல. நீங்க செய்யாததுக்கு ஆமான்னு சொல்லியிருப்பீங்க. நானும் சாகற வரைக்கும் அத நம்பியிருப்பேன்."